வெடிச்ச மறுநாள்

— ஏட்டி மாஜிதா, தெருவே வீட்டுக்குத் திரும்பிருச்சு. நீ மட்டும் இந்தப் பள்ளிக்கூட மைதானத்துல இன்னும் வானத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தா எப்படி?

— நான் வரல அங்காளக்கா. கூரைக்குக் கீழ என்னால இருக்க ஏலாது.

— ரேடியோவுல சொல்லிட்டாகல்ல தாயி. மேல இருந்து வந்த கல்லாம். வானத்துலயே வெடிச்சு எரிஞ்சு போச்சாம். அம்புட்டுதான்.

— நேத்தும் அம்புட்டுதான்னு நெனச்சோம். பளீர்னு ரெண்டு சூரியன் மாதிரி வெளிச்சம். சத்தமே இல்ல. என்னன்னு பாக்க சன்னலுக்கு ஓடுனோம். பொறவுல்ல இடி வந்துச்சு.

— எங்க மில்லுல ஒரு கண்ணாடி மிச்சமில்ல. என் கையப் பாரு, தையலு. இன்னைக்குச் சங்கு ஊதவும் போயிக் கூட்டி அள்ளிட்டுத்தான் வாரேன். பயந்தா பொழப்பு?

— பிளவக்கல் அணையில கீறல் விட்ருச்சுங்காக.

— புளுகு. எந்தம்பி மகாராஜபுரத்துல இருந்து இப்பத்தான் வந்தான். அணைக்கரையில ஆடு மேய்க்காகளாம். எந்திரி. கேரளாவுல இருந்து ஒன் மாப்பிள்ளை வந்தா, எட்டு மாசப் பிள்ளத்தாச்சிய வெயில்ல போட்டுட்டீகளேன்னு என்னையத்தான் கேப்பாரு.

— அக்கா.

— என்னட்டி?

— வாய்விட்டுச் சொன்னா நெசமாயிருமோன்னு சொல்லாம இருந்தேன். அது வெடிச்சதுல இருந்து பிள்ள அசையல.

— என்ன சொல்லுத? நேத்தே சொல்லக் கூடாதா, பாவி மகளே! நகரு, தொட்டுப் பாக்கேன். செத்த நேரம் மூச்சு விடாத. இந்தா... இந்தா அசையுதே!

— அது உங்க கை நடுங்குதுக்கா.

— வேலுசாமி அண்ணே! ஏ வேலுசாமி அண்ணே, வேன எடுங்க! ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவணும். இங்க உள்ளூர் ஆஸ்பத்திரியில கண்ணாடி குத்துன சனம் வராண்டா வரைக்கும் கெடக்கு.

— ஏறுங்க, ஏறுங்க. பின் சீட்டுல படுக்க வைங்க தாயி.

— வெரசாப் போங்கண்ணே.

— எங்கிட்டுப் போக? ரோடு பூராம் மாட்டு வண்டி. நேத்து பயந்து ஓடுன சோழபுரத்துச் சனமெல்லாம் மூட்ட முடிச்சோட திரும்புது.

— யா அல்லா... அவரு பிள்ளைக்குப் பேருகூட வச்சிட்டாருக்கா. அவருகிட்ட என்னன்னு சொல்லுவேன்?

— பேசாத. என் கையப் பிடிச்சுக்க. நல்லா இறுக்கிப் பிடி.

— யோவ், வண்டிய ஒதுக்குய்யா! காதுலயே வாங்க மாட்டேங்கான். ஹாரன் அடிக்கப் போறேன், காதப் பொத்திக்கோங்க.

— வேணாம்ணே, அவ சத்தம்னாலே... அய்யோ, அடிச்சிட்டீகளே! ஏட்டி, ஏன் இப்படி வெட்டி வெட்டி இழுக்க? வலிக்கா? மாஜிதா, வாயத் தொறந்து சொல்லுட்டி!

— அக்கா, உதைக்கான்! அண்ணே, இன்னொருக்க அடிங்க. நல்லா சத்தமா அடிங்கண்ணே!