கீழே ஆள் இருந்தது பற்றி

பெயர் செல்லத்துரை நிமலகாந்தன். வயது முப்பத்தாறு. சொந்த இடம் வடமராட்சி, துன்னாலை. தற்போது ஸ்காபரோவில் நண்பர் ஒருவரின் வீட்டில் மனைவி சுபாங்கியுடன் தங்கியிருக்கிறேன். எனது வதிவிட விசா விண்ணப்பத்தை மறுத்த முடிவை நீதிமன்றம் மீளாய்வு செய்ய வேண்டுமென்று கேட்டு, எனது சட்டத்தரணியின் அலுவலகத்தில் சுயபுத்தியுடன் தமிழில் சொல்லி எழுதுவிப்பதாவது:

எனது அகதிக் கோரிக்கை தள்ளுபடியான பின்னர், கனடாப் பிரஜையான சுபாங்கியை மணந்தேன். பதிவில் சாட்சியாகக் கையெழுத்து வைத்தவர் என் பெரியம்மாவின் மகன் குகநேசன். அதன் பின்னர் அவருடைய வீட்டுப் பேஸ்மென்ட்டில் வாடகைக்குக் குடியிருந்தோம். மனைவி எனக்கு ஸ்பொன்சர் செய்து விசாவுக்கு விண்ணப்பித்ததும் அந்த விலாசத்திலிருந்துதான்.

அந்தப் பேஸ்மென்ட்டை வாடகைக்கு விட நகரசபையின் அனுமதி கிடையாது. ஆகவே அறியாத ஆள் யாராவது வாசல் மணியை அடித்தால் குகநேசன் அண்ணை மேலே இரண்டு தரம் நிலத்தில் உதைப்பார். நாங்கள் விளக்கை அணைத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் இருக்க வேண்டும். வீடு தந்த அன்றே அவர் போட்ட நிபந்தனை அது.

கடந்த மாசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மேலே உதைக்கும் சத்தம் கேட்டது. உடனே விளக்கை அணைத்தோம். யாரோ ஆங்கிலத்தில் கேட்டது சரியாகக் காதில் விழவில்லை. கீழே ஒருவருமில்லை, பழைய சாமான்தான் கிடக்கிறது என்று அண்ணை சொன்னது மட்டும், சூடு வருகிற குழாய் வழியாகத் தெளிவாகக் கேட்டது. நகரசபை ஆளென்று நினைத்து எங்களுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

அதன் பின்னர் அண்ணை இறங்கி வந்து, “சிற்றிக்காரன்தான். ஒருத்தருமில்லையெண்டு பேய்க்காட்டி அனுப்பிப்போட்டன். நீங்கள் சாப்பிடுங்கோ” என்றார். என் மனைவி அவருக்கும் ஒரு கோப்பையில் புட்டுப் போட்டுக் கொடுத்தாள். இருந்து சாப்பிட்டார்.

அதன் பின்னர் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அன்று வந்தவர் விசா அதிகாரி என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. எங்கள் கல்யாணப் படத்தைக் காட்டி விசாரித்திருக்கிறார். இவர்கள் இங்கே ஒருநாளும் இருந்ததில்லை என்று வீட்டுக்காரரே சொன்னதால், விசாவுக்காகச் செய்த கல்யாணம் என்று முடிவு கட்டியிருக்கிறார். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த மாதம் என்னைத் திருப்பி அனுப்ப இருக்கிறார்கள்.

அதன் பின்னர் நான் அண்ணையிடம் போய், நடந்ததைச் சொல்லிச் சத்தியக் கடதாசி ஒன்று தரும்படி கெஞ்சினேன்.

“எனக்கென்ன விசரே? சிற்றி தண்டம் அடிச்சா நீ கட்டுவியே?”

“படத்தைக் காட்டினவனெல்லே அண்ணை? என்ர முகம் தெரியேல்லையோ உங்களுக்கு?”

“தெரிஞ்சதுதான். வாசல்ல வந்து நிக்கேக்கை என்னத்தையடா யோசிக்கிறது? நீயும் கீழதானே இருந்தனீ, ஒரு சத்தம் போட்டிருக்கலாமே. ஆர் உன்ர வாயைப் பொத்தினது?”

பிறத்தியான் செய்திருந்தால் எனக்கு இப்படி வயிறு எரியாது. எல்லாம் தெரிந்துகொண்டே எங்களோடிருந்து சாப்பிட்டவர். அந்த வீட்டில் அதற்கு மேல் நாங்கள் தங்கவில்லை.

அவர் கேட்டதற்குப் பதிலை நீதிமன்றத்துக்குச் சொல்கிறேன். அதிகாரி மேலே நின்றபோது எனக்குப் புரைக்கேறி இருமல் வந்தது. இருட்டில் தடவி வந்து என் வாயைப் பொத்தியவள் என் மனைவி.

இதில் நான் கூட்டியோ மறைத்தோ எதுவும் சொல்லவில்லை. வாசித்துக் காட்டக் கேட்டு, நான் சொன்னபடியே இருக்கக் கண்டு ஒப்பமிடுகிறேன்.

செ. நிமலகாந்தன்