அப்பாவுக்கு நான் வாசித்த புத்தகம்

சத்தமாக வாசிப்பது எனக்குப் பிடித்த வேலை. பள்ளிக்கூடத்தில் வருடக்கணக்காக வேதம் சொல்லிக்கொடுக்கிறேன். தொண்டை ஒருநாளும் கட்டியதில்லை. அதனால் அப்பாவுக்குக் கண் போனபிறகு, வாசித்துக் காட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்ததில் எனக்கு வருத்தமே இல்லை.

நாங்கள் யூதர்கள். அப்பா எங்கள் ஜெப ஆலயத்தில் தோரா என்கிற வேதச் சுருளை வாசித்தவர். அதிலுள்ள மோசேயின் ஐந்து புத்தகங்களும் அவருக்கு மனப்பாடம். கடைசியில் நுரையீரல் கெட்டு, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் இயந்திரம் ஓயாமல் முனகும்.

பல்கலைக்கழகத்தில் இருக்கும் என் தம்பி ஒரு புத்தகம் எழுதினான். அந்த ஐந்தையும் மோசே எழுதவில்லை, வெவ்வேறு காலத்தில் பலர் எழுதியதை யாரோ சேர்த்துத் தைத்திருக்கிறார்கள் என்பது அவன் கட்சி. வெள்ளக் கதையில் மிருகங்கள் ஓரிடத்தில் இரண்டிரண்டாகப் பேழைக்குள் போகின்றன. இன்னோரிடத்தில் சுத்தமானவை ஏழேழு ஜோடி. இப்படியே போகிறது. அந்தப் புத்தகத்தை அப்பாவுக்கே சமர்ப்பணம் செய்திருந்தான்.

“வாசிடா, கேப்போம்” என்றார் அப்பா.

சாகக் கிடப்பவரிடம் இதை எப்படி வாசிப்பது? கொஞ்சம் மாற்றி வாசித்தேன். தம்பி இல்லை என்ற இடத்தில் ஆம் என்றேன். கடைசி அத்தியாயம் முழுக்க என் சொந்தச் சரக்கு: எல்லாம் மோசே எழுதியதுதான் என்று தம்பியே ஒப்புக்கொள்கிறான். பக்கங்களை மட்டும் ஒழுங்காகப் புரட்டினேன். நன்றாகவே வந்திருந்தது.

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

“இது உன் தம்பி எழுதினதில்லையே. அவன் எதையும் இப்படி அடிச்சுப் பேசமாட்டான். இது நீ.”

புத்தகத்தை மூடி வைத்தேன்.

“பரவால்லடா. எனக்கு இதெல்லாம் புதுசா? வாசிக்கும்போதே தெரியும், இங்க ஒருத்தன் நிறுத்துறான், இன்னொருத்தன் ஆரம்பிக்கிறான்னு. மோசே செத்துட்டார்னு கடைசில வருதே, அதை அவரே எழுதியிருப்பாரா?”

“அப்போ நீங்க நம்பலையாப்பா?”

“நம்பாம என்ன? கடவுளுக்கு எழுத ஒரே ஒரு கைதான் கிடைக்குமா? தம்பியை வரச்சொல்லு. இத்தனை வருஷம் அவனோட மல்லுக்கு நின்னுட்டேன். அவன் சொன்னது சரிதான்னு சொல்லிட்டுப் போயிடறேன்.”

நியாயமாக யோசித்துப் பாருங்கள். இதே கேள்வியைக் கேட்டதற்காக எத்தனை பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிற்கவைத்திருக்கிறேன்.

என் மனைவி கடைக்குப் போயிருந்தாள். இயந்திரத்தின் சுவிட்சை அணைத்தேன். முனகல் நின்றதும் அப்பா முகத்தை என் பக்கம் திருப்பினார்.

“கரண்ட் போச்சாடா?”

“ஆமாப்பா.”

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அவருக்கும் அது கேட்டிருக்கும். வேறு எதுவும் கேட்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு கூடவே இருந்தேன். நினைத்ததைவிட நேரமாயிற்று.

தம்பி வந்து, “கடைசியா என்னண்ணா சொன்னார்?” என்றான்.

“எல்லாம் மோசே எழுதினதுதான்னு உன்கிட்ட சொல்லச் சொன்னார்.”

அவன் சுவரோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டான். அதன்பிறகு அவன் ஒரு வரிகூட எழுதவில்லையாம்.

சுவிட்சை மறுபடி போட மறந்திருக்கிறேன். அதைப் பார்த்த என் மனைவி, துக்கம் முடிந்ததும் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆமாம் ஐயா, அணைத்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். அப்பாவுடைய நம்பிக்கை கெட்டுவிடக்கூடாதே என்றுதான் செய்தேன். அதையும் என் வார்த்தையிலேயே எழுதுங்கள்.