ரெண்டு பை சேதுக்கரை மணல்

அட, உட்காருங்கய்யா... அம்மன் திருவிழாவுக்கு ஊருக்கே ஒரு பந்தலா, மேலத்தெருவுக்கொண்ணு கீழத்தெருவுக்கொண்ணான்னு அப்புறம் கத்திக்கலாம். அதுக்கு முன்னால சின்னதா ஒரு கதை இருக்கு, காதைக் கொடுங்க.

நம்ம ஊர்ல கடற்கரைன்னு ஒருத்தன் இருந்தானே, வலை பின்னுறவன்... அவன் முக்திநாத் பெருமாள் கோயிலுக்குக் கிளம்பினான். ஆத்தா சாகுறப்ப அவளுக்குக் கொடுத்த வாக்கு. அப்பல்லாம் அங்க ரோடு ஏது? நேபாளத்துக்குள்ள போய், நாள் கணக்கா மலையில நடக்கணும்.

வடக்கே போறவன் கையில சேதுக்கரைக் கடல் மணலைக் கொடுத்து, அங்க ஓடுற புண்ணிய ஆத்துல போடச் சொல்றது நம்ம வழக்கம்தானே? ஒரு சிட்டிகை போதும். நம்மாளுக விடுவாங்களா?

ஊர்ல அண்ணன் தம்பி ரெண்டு பேர். மூத்தவன் சேதுராமு ஒரு பை நிறையக் கொண்டாந்தான். "கடற்கரை, தம்பி மண்ணோட என் மண்ணைக் கலந்துராதே!" தம்பி மலைச்சாமி காதுக்குச் சேதி போச்சு. சும்மா இருப்பானா? அதைவிடப் பெரிய பை! "அவன் மண்ணுக்குப் பக்கத்துலகூட வைக்காதப்பா!" ஒரு வயித்துப் பிள்ளைக... பேச்சு நின்னு எத்தனையோ வருசம்.

பாவம் கடற்கரை, ரெண்டையும் முதுகுப் பையில திணிச்சான். மச்சான் பூவலிங்கம் துணைக்குப் போனான். எல்லையில போலீஸ்காரன் பையைத் திறந்து பார்த்துட்டுச் சிரிக்கிறான். பூவலிங்கம் சொன்னானாம், "மாப்ள, வீடா கட்டப் போறோம்? சிமெண்டை மறந்துட்டியே!"

எல்லை தாண்டி, மலையடிவாரத்துல தங்கி, கம்பளிச் சட்டை, போர்வை, ஊணுகம்பு எல்லாம் வாங்கினாங்க. வழிகாட்ட வந்த நேபாளத்துக்காரர் பையைத் தூக்கிப் பார்த்தார்... கீழே வச்சிட்டார். முன்னால கொஞ்ச நாள் பம்பாயில இருந்த பூவலிங்கம் அவர் பேசின இந்தியைத் தமிழ்ல சொன்னான்: "போர்வை இல்லைன்னா குளிர்ல செத்துருவியாம். மணலோட ஏறினா முட்டி போயிருமாம். இந்தப் பையோட கூட்டிட்டுப் போக மாட்டாராம், மாப்ள."

கடற்கரை என்ன செய்வான்? ஆத்தாவுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம்... இவனுகளுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். ரெண்டு பையையும் பிரிச்சான். அப்புறம் இதுல ஒரு சிட்டிகை, அதுல ஒரு சிட்டிகை எடுத்து, வேட்டி முனையில ஒரே முடிச்சாப் போட்டான். மீதியைச் செடிக்கடியில கொட்டினான்.

"ரெண்டு முடிச்சாப் போடேன்டா, வைவானுக!"

"ஒரே கரையில அள்ளின மண்ணு மச்சான். ஒரே ஆத்துலதான் போடப் போறேன். ஆத்துக்குள்ள சுவரா கட்டியிருக்கு?"

மலையேறி நடந்தான். முடிச்சை அவுத்து ஆத்துல போட்டான். முக்திநாத்துல ஆத்தாவை நினைச்சுக் கும்பிட்டான்.

ஊர் திரும்பினதும் நேரா சேதுராமு வீட்டுக்குத்தான் போனான். "அண்ணே, கலந்துட்டேன். வையிறதுன்னா வைங்க."

சேதுராமு வையலை... மெதுவாக் கேட்டான்: "அவன் மண்ணும்... நல்லபடியாப் போய்ச் சேந்துச்சுல்ல?"

கேட்டீங்களா? அதைக் கேக்கத்தான் அந்த மனுசனுக்கு இத்தனை வருசமா வாய் வரலை! அதுவரைக்கும் சுமந்தது யாரு? கடற்கரை முதுகு!

இன்னைக்கு ரெண்டு பந்தல்னு ஒத்தக்கால்ல நிக்கிறீங்களே... ரெண்டுக்கும் கம்பு சுமக்கப் போறது யாரு? நீங்களா? உங்க பிள்ளைக! உங்க சண்டை உங்களுக்குக் கனக்காது சாமிகளா... தூக்கிட்டுப் போறவனுக்குத்தான் கனக்கும். எந்திரிங்க. மேலத்தெரு ஒரு கை, கீழத்தெரு ஒரு கை... முதல் கம்பைச் சேந்து நடுங்க.