முந்திரிக்காட்டுச் செம்மண்ணும் என் வெள்ளை வேட்டியும்

மலர்வேலி மாதர் மன்றத்தின் மூன்றாம் ஆண்டுத் தொட்டிச்செடி விழாவுக்குத் தலைமை ஏற்று, தண்ணிழலாய் வீற்றிருக்கும் மன்றத் தலைவி, பெருமதிப்புக்குரிய சிந்தாமணி அம்மையார் அவர்களே! முன்வரிசையில் முழங்கால் வலியை மறந்து வந்தமர்ந்திருக்கும் முதுபெரும் பெரியோர்களே! வாசல் தெளித்து, வடித்து இறக்கி, வாடிய செடிக்கு வார்த்துவிட்டு வந்திருக்கும் வளைக்கரத் தாய்மார்களே! அரியலூர்ப் பெருமக்களே! பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறிக் குரோட்டன்ஸ் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்த குணவதிகளே! ஒலிபெருக்கிக்காரத் தம்பி அவர்களே! உங்கள் பெட்டி ‘கொய்ங்’ என்று கத்தாதவரை நீங்களும் என் அன்புக்குரியவரே. உங்கள் அனைவருக்கும் அடியேன், பத்திர எழுத்தர் கொளஞ்சியப்பன், தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

முப்பத்தோரு ஆண்டுகளாக இந்த ஊர்ப் பதிவாளர் ஆபீஸ் வாசலிலே, புங்கமரத்தடியிலே, பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். யார் மண்ணுக்கு எது எல்லை என்று எழுதியது இந்தக் கை. எத்தனை ஏக்கர்! எத்தனை குழி! ஆனால் எனக்கென்று இருக்கிற மண் எவ்வளவு? மாடிப்படியோரம் வரிசையாக நிற்கும் ஆறு தொட்டி மண். அவ்வளவுதான் ஐயா என் எஸ்டேட்! அதிலும் இரண்டைப் போன மாதம் நானே கொன்றேன். தினம் மூன்று வேளை தண்ணீர் வார்த்தேன். என் இல்லத்தரசி இருசம்மாள் சொன்னாள், “ஏங்க, அது செடிங்க, கலியாணத்துக்கு வந்த சம்பந்தி இல்ல. இப்புடிக் கவனிச்சா வேரு அழுகிப் போவாம என்ன பண்ணும்?” சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களில் பாதிப் பேர் வீட்டிலும் அதே கதைதான் என்பது எனக்குத் தெரியும்.

செடி வளர்ப்பது பொழுதுபோக்கு என்கிறார்கள். யார் சொன்னது? பொழுது போகாதவனா செடி வளர்க்கிறான்? பொழுதே இல்லாதவள் அல்லவா வளர்க்கிறாள்! அரிசி களைந்த கழுநீரைக் கீழே கொட்டாமல் எடுத்து வைக்கிறாளே, அவளுக்கா பொழுது போகவில்லை? டீத்தூள் சக்கையைக் காயவைத்து, முட்டை ஓட்டை நொறுக்கி, ஓட்டை விழுந்த குண்டானிலே கொத்தமல்லியும் உடைந்த வாளியிலே கனகாம்பரமும் வைக்கிறாளே, அவளுக்கா வேலை இல்லை? வேலை முடிந்து உட்கார ஐந்து நிமிஷம் கிடைத்தால், அந்த ஐந்து நிமிஷத்தையும் ஒரு மொட்டுக்குக் கொடுக்கிற மனசு இருக்கிறதே, அந்த மனசுக்கு நான் அடிமை ஐயா, அடிமை!

அதுவும் எந்த ஊரிலே? காவிரிக்கரையிலே கம்பை ஊன்றினாலும் துளிர்க்கும். நம் ஊர் அப்படியா? தோண்டினால் சுண்ணாம்புக் கல். இறைத்தால் சுண்ணாம்புத் தண்ணீர். தொட்டி விளிம்பிலே நாலே நாளில் வெள்ளை பூத்துவிடும். பூச்செடியோ பூக்காது! ரோஜாவை இங்கே வைத்தால் முதல் மாதம் பச்சை. இரண்டாம் மாதம் இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. மூன்றாம் மாதம் விறகு. இந்த ஊரிலே ஒருத்தி ரோஜா வளர்த்தாள் என்றால், அவள் சாதாரணப் பெண்ணா? இந்தக் கேள்வியைப் போன வருஷமே நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்தக் குற்றத்தைச் சொல்லத்தான் இன்று இங்கே நிற்கிறேன்.

தலைவி அம்மையார் ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார்கள். ‘சுருக்கமாகப் பேசவும்.’ ஆகட்டும் தாயே. ஆனால் குற்றவாளி வாக்குமூலத்தைப் பாதியில் நிறுத்தினால் நன்றாயிருக்காது. கொஞ்சம் பொறுத்தருள்க.

போன வருஷம், எண்பத்தொன்றாம் ஆண்டுத் தை மாதம், இதே மண்டபம், இதே விழா. செடிப் போட்டிக்கு அன்றும் இன்றும் நடுவர் யார்? நான். விதிகளை எழுதியது யார்? அதுவும் நான்! முதல் விதி, செடி வீட்டில் ஓராண்டாவது வளர்ந்ததாக இருக்க வேண்டும். இரண்டாம் விதி, விலைக்கு வாங்கி வந்து வைக்கக் கூடாது. மூன்றாம் விதி, டின்னும் டப்பாவும் ஆகாது, மண் தொட்டிதான் வேண்டும். மூன்றாம் விதி எதற்கு என்று கேட்காதீர்கள். பார்வைக்கு அழகாக இருக்குமே என்று எழுதினேன். பேனா கையில் இருந்தது, எழுதினேன்.

சுற்றி வந்தேன். ஒரு தொட்டி முன்னால் நின்றுவிட்டேன். ரோஜா! ஒன்றல்ல, இரண்டல்ல, ஒன்பது பூ. செக்கச் செவேலென்று, கொத்துக் கொத்தாக. இலையிலே மஞ்சள் பொட்டுக்கூட இல்லை. சீட்டிலே பெயர் பார்த்தேன்: செங்கமலம், கணவர் இளையபெருமாள், கல் லாரி டிரைவர், ரயிலடி லயன் வீடு. எனக்குள் இருந்த வக்கீல் எழுந்து உட்கார்ந்துவிட்டான். தொட்டியைப் பார்த்தேன், புதுத் தொட்டி. விரலை விட்டுக் கிளறினேன், மண் சிவப்பு! அரியலூரிலே ஏது ஐயா சிவப்பு மண்? நர்சரிக்காரன் அல்லவா செம்மண் உருண்டையோடு செடி விற்பான்! புதுத் தொட்டி, செம்மண், ஒன்பது பூ. தீர்ந்தது வழக்கு. அந்தப் பெண் நாலடி தள்ளித்தான் நின்றது. ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. சீட்டின் பின்னாலே எழுதினேன்: ‘விலைக்கு வாங்கிய செடி. தள்ளப்பட்டது.’ எழுதியதோடு விட்டேனா? இதே ஒலிபெருக்கியிலே வாசித்தேன். பெயரோடு வாசித்தேன். முதல் பரிசான பித்தளைப் பூவாளி தலைவி அம்மையார் குரோட்டன்ஸுக்குப் போயிற்று. அம்மையார் மேல் ஒரு துரும்புக் குற்றமும் இல்லை. குற்றம் முழுக்க இந்த நாக்குக்கும் இந்தப் பேனாவுக்கும்தான்.

அந்தப் பெண் என்ன செய்தது? சண்டை போட்டதா? அழுததா? தொட்டியை இடுப்பிலே தூக்கிக்கொண்டு போய்விட்டது. நானோ, ‘பார்த்தீர்களா, குட்டு உடைந்ததும் ஓடுகிறாள்’ என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னேன். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அந்த மட்டான புத்திகூட இல்லை.

பிறகு எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? போன ஐப்பசியிலே ஜெயங்கொண்டத்தில் ஒரு கலியாணம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியிலே சந்தனம், வயிற்றிலே மூன்று ஜிலேபி. திரும்பி வர அரியலூர் பஸ் ஏறினேன். எனக்கு எதிரே ஒரு பெண், காலடியிலே இரண்டு உரச்சாக்கு. கண்டக்டர் வந்தார். “ஏம்மா, திரும்பவும் மண்ணா? ஊருல பொறந்தவூடு போனா முந்திரிக்கொட்டை கொண்டாருவாங்க, பலாப்பழம் கொண்டாருவாங்க. அஞ்சு வருசமா நீ ஒருத்திதான் மண்ணைச் சொமந்துட்டு வர்றே!” பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்த வாய் மூடுவதற்குள் பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. சாக்கு ஒன்று வாய் பிளந்து, அத்தனை மண்ணும் என் வேட்டியிலே!

குனிந்து பார்த்தேன். சிவப்பு. செக்கச் சிவப்பு. போன தையிலே என் விரலில் ஒட்டிய அதே சிவப்பு. நிமிர்ந்து பார்த்தேன். முகம் தெரிந்தது. செங்கமலம்.

“ஐயய்யோ, வேட்டி போயிட்டுதுங்களே சார்” என்று தன் முந்தானையால் தட்டிவிட வந்தது அந்தப் பெண். நான் கேட்டேன், “என்னம்மா மண்ணு இது?”

“எங்க ஊரு முந்திரிக்காட்டு மண்ணுங்க. நம்ம டவுன் மண்ணுல ரோசா மஞ்சளாப் போயிடுதுங்க. வருசத்துக்கு ரெண்டு தரம் அம்மா வூட்டுக்குப் போறப்ப அள்ளியாந்து மாத்திடுவேன். தண்ணிகூடக் கொழாத் தண்ணி ஊத்தறதில்லைங்க. மழைத் தண்ணியும் கழுநீருந்தான்.”

“அந்தப் புதுத் தொட்டி?”

“மண்ணெண்ணெய் டின்னுல இருந்துச்சுங்க. டின்னு கூடாதுன்னு போட்டிருந்தீங்களே. மூணு நாளைக்கு முன்னாடி வாங்கி மாத்துனேன்.”

என் விதி! என் மூன்றாம் விதி! நான் எழுதியதற்குக் கட்டுப்பட்டு அவள் வாங்கிய தொட்டியையே அவளுக்கு எதிரான சாட்சியாக நிறுத்தினேனே, இதைவிடப் பெரிய அநியாயம் உண்டா? “அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா” என்றேன். அப்போதும் பழியை அவள் மேலே போடத்தான் பார்த்தேன், கவனியுங்கள்! அவள் சொன்ன பதில் இன்னும் என் காதிலே நிற்கிறது.

“நீங்க கேக்கலீங்களே சார். எழுதிட்டீங்க.”

வீட்டுக்கு வந்து இருசம்மாளிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். “இப்பத்தான் தெரியுதா? நீங்க வாசிச்ச அன்னையிலேருந்து அந்தப் புள்ளைக்குக் கொழாயடியில ‘கடைச்செடி’ன்னு பேருங்க. கொடத்தை வெச்சா ‘கடைச்செடி வந்துட்டா, வழி விடுங்கடி’ங்கறாங்க. வாசல்ல இருந்த தொட்டியத் தூக்கிக் கொல்லையில வெச்சுட்டா. யாருக்கும் ஒரு பூ குடுக்கறதில்ல, ஒரு கெளை குடுக்கறதில்ல.” “எனக்கு ஏன் சொல்லவில்லை?” என்றேன். “சொன்னா நீங்க எங்க கேக்கப் போறீங்க?” என்றாள். இரண்டு பெண்கள், ஒரே நாளில், ஒரே குற்றப்பத்திரிகை!

தாய்மார்களே, ஒரு பூவாளி போனால் இன்னொன்று வாங்கலாம். ஒரு பெண்ணின் பெயர் போனால் எந்தக் கடையில் வாங்குவது? அவள் கையால் வைத்து, அவள் ஊர் மண்ணைச் சுமந்து, மழைநீரைப் பிடித்து, பிள்ளையைப் போல வளர்த்த செடி. அதை அவளுடையதில்லை என்று ஊர் முன்னால் நான் சொன்னேன்.

இன்னொரு சீட்டு வருகிறது. நேரம் ஆகிவிட்டது என்றுதான் இருக்கும். இல்லை! என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? வாசிக்கிறேன்: ‘பூவாளியை எடுத்து வர வீட்டுக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன். வரும்வரை பேசிக்கொண்டிருங்கள்.’ தாயே! சிந்தாமணி என்று உங்களுக்குப் பெயர் வைத்தவர் வாயில் சர்க்கரை போட வேண்டும். தட்டுங்கள், நன்றாகக் கை தட்டுங்கள்!

பெரியோர்களே, பத்திரத்திலே பிழை வந்தால் என்ன செய்வோம்? கிழித்துப் போட்டால் ஆயிற்றா? ஆகாது. பிழைத்திருத்தல் பத்திரம் எழுத வேண்டும். எழுதி வந்திருக்கிறேன். முத்திரைத்தாள் எங்கே என்கிறார் பின்னாலிருந்து ஒருவர். ஐயா, என் முகத்தைப் பாருங்கள், அசடு முத்திரை அழுத்தமாகவே விழுந்திருக்கிறது. கேளுங்கள்.

‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டாம் வருடம் தை மாதம், அரியலூர் டவுன் ரயிலடி லயன் வீட்டில் வசிக்கும் இளையபெருமாள் மனைவி செங்கமலம் அவர்களுக்கு, மேற்படி ஊரில் வசிக்கும் கொளஞ்சியப்பன் எழுதிக் கொடுத்த பிழைத்திருத்தல் பத்திரம் என்னவென்றால், சென்ற ஆண்டு என்னால் எழுதி வாசிக்கப்பட்ட குறிப்பில் “விலைக்கு வாங்கிய செடி” என்று கண்டிருப்பது முழுப் பிழை. அதைத் “தன் கையால் ஐந்து ஆண்டு வளர்த்த செடி” என்று திருத்தி வாசித்துக்கொள்ள வேண்டியது. சொத்து விவரம்: ரோஜாச் செடி ஒன்று. இதற்கு எல்லை: குழாயடிக்குக் கிழக்கு, துணி துவைக்கும் கல்லுக்கு மேற்கு, கொல்லைப் படலுக்குத் தெற்கு, சமையற்கட்டுச் சன்னலுக்கு வடக்கு. இதன் மத்தியில் உள்ள செடியும், பூவும், இனி வரும் பூவும், அதை வளர்த்த பெயரும் புகழும் செங்கமலம் அவர்களுக்கே சர்வ சுதந்திர பாத்தியம். இனி “கடைச்செடி” என்று யார் சொன்னாலும் அது செல்லாது. இது நான் முழு மனதுடன் எழுதிக் கொடுத்தது.’

சாட்சி வேண்டுமே! சாட்சியில்லாத பத்திரம் வெறும் காகிதம். யார் சாட்சி? கையைத் தூக்குங்கள்! அங்கே, மூன்றாம் வரிசை, குழாயடித் தாய்மார்கள்... நீங்களும்தானே அம்மா? தூக்குங்கள், தயங்காதீர்கள். ஆ! தூக்கிவிட்டார்கள். மண்டபம் முழுக்கக் கை!

செங்கமலம், அந்தக் கடைசித் தூணோரம் நிற்கிறாயே, இப்படி வா அம்மா. போட்டிக்கு இந்த முறை நீ செடி கொண்டு வரவில்லை. தெரியும். வேடிக்கை பார்க்கவாவது வந்தாயே, அது என் பாக்கியம். வழி விடுங்கள் தாய்மார்களே. பூவாளியும் வந்துவிட்டது. தலைவி அம்மையாரே தம் கையால் கொடுக்கிறார்கள்.

அந்தப் பெண் வாங்கிக்கொண்டது! நீங்களே பாருங்கள்!

ஏதோ சொல்ல வேண்டுமாம். ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலே வந்து சொல்லம்மா, கூச்சப்படாதே. வேண்டாமாம், என்னிடம்தான் சொல்லுமாம். சொல். உம். உம்.

அவையோரே, அந்தப் பெண் சொன்னதைச் சொன்னபடியே, ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். “கொழாயடியில சொன்னவங்க மேல எனக்குக் கோவமில்லைங்க. உங்க மேலதான் இருந்துச்சு. ஒரு வருசமா இருந்துச்சு. இப்ப வுட்டுட்டேன். ஆனா சார், இந்த வருசமும் இங்க முப்பது தொட்டி இருக்குதுங்க. வளத்தவங்க எல்லாம் பக்கத்துலயே நிக்கிறாங்க. எழுதறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதுங்க.”

கேட்கிறேன் அம்மா. இதோ பேனாவை மூடிச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டேன். பொறுமையாய்க் கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. மேடையிலிருந்து இறங்குகிறேன். முதல் தொட்டி யாருடையது? அந்தச் செம்பருத்திக்குப் பக்கத்தில் நிற்கும் அம்மா, உங்களுடையதா? வணக்கம் தாயே. சொல்லுங்கள், எப்படி வளர்த்தீர்கள்?