சீவிக்கொண்டவள்

— உள்ள வராதே, அங்கேயே நில்லு. யாரு உன்னை அனுப்பினது? அப்பாவா?

— யாரும் அனுப்பலைக்கா. பட்டுப்புழுவுக்கு இலை பறிக்கப் போறேன்னு சொல்லிட்டுப் படகு ஏறிட்டேன். கொஞ்சம் திரும்பு, பாக்கட்டும். ஐயோ! நிஜமாவே கொண்டை போட்டுட்டியா?

— நேத்துக் காலையில. கல்யாணமே பண்ணிக்க மாட்டேன்னு குவான்யின் அம்மன் முன்னால சத்தியம் பண்ணி, இந்த வீட்டு அக்காமாரு எல்லாரும் சேர்ந்து சீவி விட்டாங்க.

— பின்னல் இல்லாம முகமே மாறிப்போச்சு. கல்யாணம் ஆனவ மாதிரி இருக்கே.

— ஆகலை. இனிமே ஆகவும் ஆகாது. சரி, வந்த விஷயத்தைச் சொல்லு, சோய்லின். ஆலைச் சங்கு ஊதினா நான் போயாகணும்.

— ஷுன்தக் ஊர் பூரா உன் பேச்சுதான்க்கா. ‘நீராவிப் பட்டு ஆலை வந்ததுலேர்ந்து பொண்ணுங்களுக்குத் திமிரு ஏறிப்போச்சு, அந்த யூக்சின் கழுதையைப் பாரு’ன்னு படகுக்காரன் எங்கிட்டயே சொல்றான். நான் உன் தங்கச்சின்னு தெரியாம!

— வீட்டுல?

— அப்பா உன் சோத்துக் கிண்ணத்தை முத்தத்துல போட்டு உடைச்சாரு. ‘எனக்கு மூத்த பொண்ணே பொறக்கலை’ன்னு ஒரே கத்தல்.

— அம்மா?

— ஒண்ணும் பேசலை. சில்லை எல்லாம் பொறுக்கி எடுத்தாங்க. கை கிழிஞ்சு ரத்தம் வந்தப்பவும் பேசலை.

— நீ துணி சுத்தி விட்டிருப்பே.

— அக்கா, நாளைக்கு நீ சாகக் கிடந்தாக்கூட நம்ம வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாதாமே? நிஜமா?

— நிஜம்தான். சீவிக்கிட்டவ பொறந்த வீட்டுல சாகக் கூடாது. இங்கதான் சாவேன். இவங்கள்ல ஒருத்தி ஊதுவத்தி ஏத்துவா.

— பயமா இல்லையா?

— ராத்திரி இருந்துச்சு. மேல சொல்லு. எதையோ முழுங்கறே.

— உனக்கு நிச்சயம் பண்ணின லோ வீட்டுக்காரங்க வந்திருந்தாங்க. நிச்சயப் பலகாரம், வறுத்த பன்னி எல்லாம் ஊரே தின்னாச்சு, இனிமே திருப்பியா குடுக்க முடியும்? ‘மூத்தவ இல்லைன்னா இளையவ’ன்னு அப்பா வாக்குக் குடுத்துட்டாரு.

— உன்னையா? அந்த வீட்டுத் தக்வாவுக்கா?

— வேற யாரு இருக்கா வீட்டுல? நிலாத் திருநாள் முடிஞ்சதும் பல்லக்கு வருது.

— உள்ள வா. வாடி உள்ள! கேளு. அதோ, அந்த ஓரத்துக் கட்டில் காலியா கிடக்கு. நீயும் சீவிக்கோ. கொதிதண்ணியில பட்டுக்கூட்டைப் போட்டு நூல் எடுக்க நான் கத்துத் தரேன்.

— வேண்டாம்க்கா.

— என் கையைப் பார்த்து மிரள்றியா? தோல் வெந்து வெந்து மரத்துப்போகும். அப்புறம் வலிக்காது.

— அதுக்கில்லை.

— அப்பாவுக்குப் பயமா? எனக்குப் பதிலா உன்னைப் பல்லக்குல ஏத்திட்டு எனக்குத் தூக்கம் வருமா? நீதானே வந்து சொன்னே, தக்வா மொடாக்குடியன், பெத்த தாயையே கை நீட்டி அடிச்சான்னு?

— சொன்னேன்.

— அவன்கிட்டயா போறே? உன் கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி காணோமே! மணப்பொண்ணு அழுகைப் பாட்டுப் பாடணும்டி. நீ சிரிச்சுடுவே போலிருக்கு.

— அக்கா... என்னைக் கொன்னு போட்டுடு.

— என்னடி?

— அவன் குடிக்க மாட்டான். யாரையும் அடிச்சதும் இல்லை. அத்தனையும் பொய். சத்தியமா நான் கட்டிவிட்ட பொய்.

— ஏன்?

— டிராகன் படகுப் போட்டியில அவன் துடுப்பு போட்டதைப் பார்த்தேன். அவ்வளவுதான். அவங்க உன்னைப் பொண்ணு கேட்டு வந்தாங்க, எனக்குச் சோறு இறங்கலை. நீ அப்பவே இந்த வீட்டையே சுத்திச் சுத்தி வந்தியா, ஒரு பொய்யைப் போட்டா நீ இந்தப் பக்கம் வந்துடுவேன்னு நினைச்சேன். நீயும் வந்துட்டே.

— இதைச் சொல்லத்தான் படகு ஏறி வந்தியா?

— ஆமா. அடிக்கா. அடிக்கவாவது செய்! கொண்டையை அவிழ்த்துடு, நான் அப்பா கால்ல விழுந்து உண்மையைச் சொல்லிடறேன்.

— அம்மனுக்குப் பண்ணின சத்தியம். அவிழ்க்கிறதுக்கு வழி கிடையாது.

— ஐயோ, உன் வாழ்க்கையைத் தின்னுட்டேனே! பெத்த வீட்டுல சாகக்கூட விடாம பண்ணிட்டேனே!

— உஷ்! பக்கத்து அறையில ராத்திரி வேலை பார்த்தவங்க தூங்கறாங்க. இப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லு. அங்க நீ ஆசைப்பட்டுத்தான் போறியா?

— ஆசைப்பட்டுத்தான்.

— அதைத் தெரிஞ்சுக்கத்தான் கட்டிலைக் காட்டினேன். மூக்கைத் துடை.

— உன்னால எப்படிக்கா சிரிக்க முடியுது?

— நீ அந்தப் பொய்யைச் சொன்னியே, அதுக்கு ஒரு வாரம் முந்தி அவன் கூடு மூட்டை ஏத்திக்கிட்டு ஆலைக்கு வந்திருந்தான். என்னை வாசல்ல பார்த்துட்டுத் தள்ளி நின்னு, தொப்பியைக் கழட்டினான்.

— தக்வாவா? உன்கிட்ட பேசினானா?

— ‘உங்க வீட்டுல சம்மதம் சொல்லிட்டாங்க. உனக்கு இஷ்டமா?’ன்னு கேட்டான்.

— அவன் நல்லவன்னு உனக்குத் தெரியுமா? அப்போ என் பொய்...

— காதுல போட்டுக்கவே இல்லை.

— அப்புறம் ஏன்க்கா?

— அப்பா கேக்கலை. அம்மா கேக்கலை. நீயும் கேக்கலை. என்னைக் கேட்டது அவன் ஒருத்தன்தான். அப்படிப்பட்டவன் கேட்டும், என் வாயில ‘இல்லை’ன்னுதான்டி வந்துச்சு.