தலைவர் கழுத்தில் ஒரு கோடு

பதக்க வேலையில் அவசரம் ஆகாது, ஐயா. முகத்தை இடவலம் மாற்றி எஃகு அச்சில் குழியாகச் செதுக்கவே எனக்கு நாற்பது நாள் ஆகும். பிறகு அச்சைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்க வேண்டும். எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். குளிர்ந்திருந்தால் எஃகு விரிசல் விடும். அச்சில் மயிரிழை விரிசல் இருந்தாலும் பதக்கத்தில் அது கோடாக எழும்பி நிற்கும்.

தலைவர் பதவியேற்ற பத்தாம் ஆண்டுக்கு நூறு வெள்ளிப் பதக்கங்கள் கேட்டார்கள். செதுக்கியவன் நான். இயந்திரத்தில் அடித்தவர் என் தங்கையின் கணவர். வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். தங்கமான மனிதர், வாய்தான் சும்மா இருக்காது.

முதலில் தட்டு அளவுக்கு மெழுகில் ஒரு மாதிரி செய்வோம். அதைப் பட்டறையில் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். அவர் அதையும் பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார்.

"என்ன மச்சான், தலைவருக்கு உங்க மூக்கையே வச்சுட்டீங்க?"

பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்குக் கோபமே வரவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். அந்த மூக்குக்கு மட்டும் ஒன்பது நாள் உழைத்திருந்தேன்.

அச்சை முக்கியெடுத்த அன்று எண்ணெயைச் சூடாக்க மறந்துவிட்டேன். இருபது வருடத்தில் அதுதான் முதல் தடவை. துடைத்தபோது கழுத்தில் விரிசல் தெரிந்தது. மாப்பிள்ளைக்குக் கிட்டப் பார்வை மங்கல். என்னைக் கேட்காமல் எந்த அச்சையும் ஏற்றமாட்டார்.

"பாத்துட்டீங்களா மச்சான்? அடிக்கலாமா?"

"அடிங்க மாப்பிள்ளை" என்றேன்.

விழா மேடையில் நான்கு பேருக்குக் கொடுத்த பிறகுதான் தலைவரின் கட்டைவிரலில் அந்தக் கோடு தட்டியது. மறுநாள் காலை இரண்டு பேர் பட்டறைக்கு வந்தார்கள். அடித்தது யார் என்று கேட்டார்கள். கையைக் காட்டினேன். கேட்ட கேள்விக்கு அதுதானே பதில்?

"கழுத்தறுத்த மாதிரி கோடு தானா விழுமா?"

"தானா விழாதுங்க."

இதிலும் பொய் இல்லை. வண்டியில் ஏற்றும்போது அவர் திரும்பி, "மச்சான், நீங்க சொல்லுங்க" என்றார். நான் கை துடைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் தங்கையும் பிள்ளைகளும் பதினொரு வருடமாக என் வீட்டில்தான் இருக்கிறார்கள். ஒரு குறையும் வைக்கவில்லை. ஒரு நாள் அவள், "அண்ணா, அவர் வேணும்னே செஞ்சிருப்பாரா?" என்று கேட்டாள். "யார் மனசுல என்ன இருக்குன்னு நமக்கு எப்படிம்மா தெரியும்?" என்றேன். அதன் பிறகு அவள் கேட்கவே இல்லை.

இப்போது ஆட்சி மாறிவிட்டது. கல்குவாரியில் கிடைத்த எலும்புகள் மாப்பிள்ளையுடையவைதான் என்கிறீர்கள். சரி. விரிசலைப் பார்த்துவிட்டுத்தான் அடிக்கச் சொன்னேன். அவரைக் கொன்றது நான்தான், கையெழுத்துப் போடுகிறேன்.

மீதிப் பதக்கங்களை அன்றே உருக்கிவிட்டார்கள். தப்பிய நான்குக்கும் சேகரிப்பவர்கள் ஆலாய்ப் பறக்கிறார்கள். போன மாதம் ஒரு கண்காட்சியில் அதில் ஒன்றை வைத்திருந்தார்கள். பூதக்கண்ணாடியோடு வரிசையாக வந்து பார்த்தார்கள். நான் பக்கத்திலேயே ஒரு மணி நேரம் நின்றேன். மூக்கு சரியில்லை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை, ஐயா.