கண்ணாடி தயார், இன்று வருவதானால் 1

அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆட்டம். சன்னலோரம் இருக்கிற என் நாற்காலியில் உட்காருங்கள். தம்பி பட்டறையிலிருந்து வர இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. டீ ஆறுவதற்குள் நான் சொல்லி முடித்துவிடுவேன். அந்த மூக்குக் கண்ணாடிப் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

எங்கள் வீட்டுக்கு வந்த எந்தக் கடைச் செய்தியும் இதுவரை பதில் இல்லாமல் கிடந்ததில்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. அடுத்த வீட்டுக்காரியின் அலைபேசியைத் திறந்தால் செருப்புக் கடையும் பல் டாக்டரும் வங்கியும் நானூறு செய்திகளாகக் குவிந்து கிடக்கும். என்னிடம் அப்படிக் கிடையாது. வேண்டியது ஒரு பக்கம், வேண்டாதது ஒரு பக்கம். விடாக்கண்டன்களை ஒரே தட்டில் தடுத்துவிடுவேன். கேஸ் சிலிண்டர் எப்போது வேண்டும் என்று கேட்டால் அந்த நிமிடமே சொல்வேன். பாவம், அவர்களும் யாராவது பதில் போடுவார்கள் என்றுதானே அனுப்புகிறார்கள்.

அலைபேசி என்னவோ தம்பியுடையதுதான். ரம்பம் ஓடுகிற இடத்தில் அலைபேசி ஆகாது என்று பட்டறை முதலாளி சொல்லிவிட்டார், அதனால் பகலெல்லாம் அது என் தையல் மெஷின் பக்கத்தில் இருக்கும். சாயங்காலம் வந்ததும், "ஏதாவது வந்துச்சாக்கா?" என்பான். வந்ததில் எது அவனுக்குத் தேவையோ அதைச் சொல்வேன். பட்டறையில் அவனுக்கு அளவுகோல் என்று பெயர். ஒரு நூல் பிசகாமல் மரச்சட்டம் அறுப்பான். வார்த்தையையும் அப்படித்தான் அளந்து போடுவான். வாயில்லாப் பூச்சி. அவன் சார்பில் பேசுவதற்கு வீட்டில் ஓர் ஆள் வேண்டாமா?

அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போனபோது அவனுக்கு ஒன்பது வயது. எனக்குப் பத்தொன்பது. அப்போது என்னைப் பெண் கேட்டு இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள். அந்தக் காலத்தில் குறுஞ்செய்தி ஏது? நேரில் வந்து கேட்டார்கள், நேரிலேயே முடியாது என்று சொன்னேன்.

உங்கள் கதைக்கு வருகிறேன். போன ஆண்டின் கடைசியில் அவனுடைய கண்ணாடி பட்டறை மெஷினடியில் விழுந்து நொறுங்கியது. உங்கள் கடைக்குப் போய்க் கண்ணைச் சோதித்துக்கொண்டு, புதுக் கண்ணாடிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தான். பழைய பவர் கண்ணாடி ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து, காம்பில் நூல் சுற்றி மாட்டிக்கொண்டான். அன்று சாப்பிடும்போது, "அந்தக் கடையில இருக்கறவங்க நல்லாப் பேசறாங்கக்கா," என்றான். நீங்கள் சிரிக்கிறீர்கள். என் தம்பி வாயிலிருந்து வந்தால் அது ஒரு மேடைப் பேச்சு. நான் கவனித்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் உங்கள் கடையிலிருந்து செய்தி வந்தது. கண்ணாடி தயார், இன்று வருவதானால் 1, நாளை வருவதானால் 2, பிறகு வருவதானால் 3. நியாயமாகப் பார்த்தால் அவன்தான் படித்திருக்க வேண்டும். ஆனால் கண்ணாடி தயார் என்கிற செய்தியைப் படிக்க அவனுக்குக் கண்ணாடி வேண்டுமே. நான் 3 போட்டேன். அன்றைக்கு மழை வேறு.

மறுநாளும் 3. அதற்கு மறுநாளும். நான்காம் முறை, தானாக வருகிற செய்திக்குப் பதில் நீங்களே எழுதினீர்கள். "மூணு மேல உங்களுக்கு என்ன அவ்ளோ பாசம்?" என்று கேட்டிருந்தீர்கள். கையில் ஊசியை வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன். கடை என்றாலும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது மரியாதை. "ஒண்ணும் ரெண்டும் சரியாத் தெரியலங்க, கண்ணாடி இல்லையே," என்று போட்டேன்.

ஆமாம், அது நான்தான்.

அந்தப் பத்தொன்பது நாளும் நான்தான். தன் பெண்டாட்டி கொஞ்சம் மங்கலாகத் தெரிகிற மாதிரி கண்ணாடி கேட்டு வந்த பெரியவரைப் பற்றி எழுதினீர்களே, அதற்கு, "அவர் வீட்டம்மாவுக்கும் அதே பவர்ல ஒண்ணு குடுத்துருங்க," என்று போட்டதும் நான்தான். என் தம்பிக்கு அந்த மாதிரி எல்லாம் சொல்ல வராது. அவனிடம் பேசியிருந்தால் மூன்றாவது நாளே உங்களுக்குச் சலித்திருக்கும். அந்த வகையில் நான் உங்கள் இருவருக்கும் உதவிதான் செய்தேன். பதினோரு மணிக்குக் கடையில் கூட்டம் குறையும், அப்போது நீங்கள் எழுதுவீர்கள். பத்தே முக்காலுக்கே நான் மெஷினை நிறுத்திவிடுவேன். சத்தத்தில் மணி காதில் விழாமல் போய்விட்டால்?

கண்ணாடியை வாங்க அவனை அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் கடைக்கும் நமக்கும் பேச்சு என்ன இருக்கிறது? அவன் கேட்கிறபோதெல்லாம், லென்ஸ் வெளியூரிலிருந்து வரவேண்டுமாம் என்று சொல்லிவைத்தேன். நம்பினான். நான் சொன்னதை அவன் நம்பாமல் இருந்ததே இல்லை.

பிறகு அந்தச் செய்தி வந்தது. "சனிக்கிழமை கடை சாத்தற நேரத்துக்கு வாங்க. கண்ணாடி ஒரு சாக்குதான்." இரண்டு தடவை படித்தேன். கடைக்கும் வாடிக்கையாளருக்கும் இடையில் இருக்கவேண்டிய பேச்சு இதுவா? நீங்களே சொல்லுங்கள். உங்கள் எண்ணைத் தடுத்தேன். தடுக்கிறபோது அலைபேசி காரணம் கேட்கும். வேண்டாத விளம்பரம், அறிமுகமில்லாத கடை, மற்றவை. பொய் சொல்ல எனக்கு வராது. மற்றவை என்று போட்டேன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில், அந்தக் கடைப் பெண் வேலையை விட்டுப் போய்விட்டாளாம் என்று அவனிடம் சொன்னேன். "அப்படியா," என்றான். தட்டில் பாதி அப்படியே இருந்தது. அதனால்தான் அவன் உங்கள் கடைப் பக்கம் வரவில்லை. நேற்று நீங்கள் தெருவில் பார்த்துச் சிரித்தும் அவன் பாட்டுக்குப் போய்விட்டான் என்றீர்களே, அது திமிர் இல்லை. பத்தடிக்கு மேல் அவனுக்கு முகம் தெரியாது. ஓர் உருவம் தெரியும், அவ்வளவுதான்.

அவன் கையில் கட்டுப் போட்டிருப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். அது போன மாதம். "கோடு ரெண்டாத் தெரிஞ்சுதுக்கா," என்றான். ரம்பம் இரண்டாவது கோட்டில் போயிருக்கிறது. இடது கைச் சுண்டுவிரல், அதுவும் நுனிதான். பெரிதாக ஒன்றுமில்லை. பத்து நாள் லீவு. வலது கை நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் நான் ஊட்டிவிட்டேன். ஒன்பது வயதில் எப்படி வாயைத் திறந்தானோ அப்படியே திறந்தான். அந்தப் பத்து நாளும் இந்த வீடு எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? சிகிச்சை எப்படி இருந்தது என்று ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. ஐந்து நட்சத்திரம் போட்டேன்.

எல்லாம் சொல்லிவிட்டேன். இல்லை, இன்னொன்று இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் அவன் எனக்குத் தெரியாமல் ஒரு திருமணத் தகவல் நிலையத்தில் பதிந்து வைத்திருந்தான். பெண் வீட்டாருக்குப் பிடித்திருக்கிறது, மேலே பேச விருப்பமானால் 1, இல்லையென்றால் 2. பதினோரு இடம் வந்தது. பதினொன்றுக்கும் 2 போட்டு அழித்துவிட்டேன், ஒன்றைக்கூடக் காக்கவைக்கவில்லை. தன்னை யாருக்கும் பிடிக்கவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். அடக்கம் நல்ல குணம்தானே?

டீயை அப்படியே தள்ளி வைக்கிறீர்கள்.

"அவரைப் பாத்துட்டுத்தான் போவேன்க்கா," என்கிறீர்கள். தாராளமாகப் பாருங்கள். நானே அதைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் நீங்கள் வாய் திறக்க வேண்டாம், நானே அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அக்கா தம்பிக்குள் இருக்கிற விஷயம், என் வாயால் வருவதுதான் முறை. ஒன்று மட்டும் உங்களிடம் கேட்கிறேன். நேற்றே உங்கள் எண்ணுக்குத் தடையை எடுத்துவிட்டேன். கடையில் ஏதாவது வேடிக்கை நடந்தால் வழக்கம்போலப் பதினோரு மணிக்கு ஒரு வரி போடுங்கள். அவனுக்காகத்தான் கேட்கிறேன்.

சைக்கிள் சத்தம் கேட்கிறது. அவன்தான். இன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டான்.

வாசலில் நின்று செருப்பைக் கழற்றுகிறான். சட்டை முழுக்க மரத்தூள். நூல் சுற்றிய கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு நேராக என் நாற்காலியைப் பார்க்கிறான். அதில் இருப்பது நீங்கள். அவனுக்கு அது வெறும் உருவம். அந்த நாற்காலியில் இத்தனை வருடமும் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை.

"அக்கா, கண்ணாடி வந்துச்சா?" என்று உங்களிடம் கேட்கிறான்.

நீங்கள் என்னைப் பார்க்கிறீர்கள். பெட்டியின் மேல் உங்கள் விரல்கள் இறுகுகின்றன. சொல்லுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் அல்லவா, மூலையில் நின்றபடியே நான் வாயைத் திறக்கிறேன்.

"இன்னும் வரலடா. வந்தா சொல்ல மாட்டேனா?"